60 கிலோவில் தசை எவ்வளவு?

மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ மருந்தின் அளவு எடை மெஷினில் தொடங்குகிறது. டே-கேர் வார்டுக்குள் வரும் பெண்ணை நர்ஸ் முதலில் மெஷின்மேல் ஏற்றுகிறார். பிறகு சுவரோரம் நிறுத்தி உயரம் பார்க்கிறார். இரண்டும் கேஸ் ஷீட்டில் ஏறுகின்றன. இந்த இரண்டு எண்களையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடற்பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். 1987-இல் மோஸ்டெல்லர் தந்த இந்தக் குறுக்கு வழியைச் சாதாரணக் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். வார்டுகளில் அது நிலைத்துப் போனதற்கு அதுவே காரணம். 155 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு உடற்பரப்பு 1.61 சதுர மீட்டர். நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்லும் டாக்ஸோரூபிசின் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம், அதோடு போகும் சைக்ளோபாஸ்பமைடு 600 மில்லிகிராம் என்பது வழக்கம். ஆகவே இந்தப் பெண்ணுக்குச் சிவப்பு மருந்து சுமார் 96 மில்லிகிராம், மற்றது சுமார் 965 மில்லிகிராம்.

கணக்கு துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் அது எழுந்து நிற்கும் அடித்தளம் சிறியது. உடற்பரப்புக்கான முதல் புகழ்பெற்ற சூத்திரத்தை 1916-இல் டெலாஃபீல்ட் டூபாய், யூஜீன் டூபாய் இருவரும் வெளியிட்டார்கள். உடலை ஒட்டிய உடையின்மேல் காகிதப் பட்டைகளை ஒட்டி, அச்செடுத்து, விரித்து அளந்தார்கள். அப்படி அளக்கப்பட்டவர்கள் 9 பேர். நோக்கமும் மருந்து அல்ல. உடல் எவ்வளவு வெப்பத்தைச் செலவிடுகிறது என்று அறிவதே. 1958-இல் டொனால்ட் பிங்கெல், எலியிலிருந்து மனிதர் வரை தாங்கக்கூடிய புற்றுநோய் மருந்தின் அளவை உடற்பரப்பால் வகுத்தால் எண்கள் ஏறத்தாழ ஒத்துவருகின்றன என்று காட்டினார். அதன்பின் உடற்பரப்பே கீமோவின் அளவுகோல் ஆனது. அந்த அளவுகோலுக்கு உடல் என்பது உயரமும் எடையும் மட்டுமே. 60 கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

அளக்கும் இடத்திலேயே பிழைகள் புகுவதுண்டு. சமமில்லாத தரையில் மெஷின் இருக்கும். காலில் செருப்பு, கையில் கனத்த வளையல், இடுப்பில் சுருக்குப்பை, தோளில் மாட்டிய பையோடு ஏறி நிற்பார்கள். உயரத்தை அளக்காமல் வாயால் கேட்டு எழுதும் பழக்கமும் உண்டு. ஐம்பதைக் கடந்த பெண் கல்யாணத்தின்போது சொன்ன உயரத்தையே சொல்லுவார். இந்தப் பிழைகளால் மருந்தின் அளவு பெரிதாக மாறிவிடுவதில்லை. மேற்சொன்ன பெண்ணுக்கு 2 கிலோ கூட்டிப் போட்டாலும் உடற்பரப்பு 2 விழுக்காடுகூட ஏறாது. கேடு வேறு இடத்தில் வருகிறது. கீமோவின் முதல் சுற்றில், அதாவது முதல் சைக்கிளில், பருத்திப் புடவையும் வெறுங்காலுமாக நின்றவர் நான்காவது சைக்கிளில் சால்வையும் செருப்புமாக நின்றால், இடையில் உடலிலிருந்து போன 2 கிலோ கேஸ் ஷீட்டில் தெரியாமலே போகும். அனுபவமுள்ள நர்ஸ் ஒவ்வொரு முறையும் அதே மெஷினில், அதே போல், சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி எடை பார்ப்பது இதற்காகத்தான். அவருக்குத் தேவை அன்றைய எண் மட்டும் அல்ல. எண் போகும் திசை.

ஒரே எடை, இரண்டு உடல்

கொழுப்பையும் தசையையும் பிரித்துப் பார்க்கும் கண் தமிழ்ப் பேச்சில் முன்பே இருக்கிறது. தளர்ந்து தொங்கும் பருமனை ‘ஊளைச்சதை’ என்பார்கள். உழைத்த உடம்பை ‘இறுகின உடம்பு’ என்பார்கள். மருத்துவம் இதையே கொழுப்பற்ற உடல் நிறை என்ற கணக்காக்குகிறது. மொத்த எடையில் கொழுப்பைக் கழித்தால் மிஞ்சும் தசை, எலும்பு, உள்ளுறுப்புகள், நீர் எல்லாம் அதில் சேரும்.

155 செ.மீ., 60 கிலோ என்ற ஒரே அளவுள்ள இரண்டு பெண்களை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் உடலில் 30 விழுக்காடு கொழுப்பு. கொழுப்பற்ற நிறை 42 கிலோ. இன்னொருவர் உடலில் 45 விழுக்காடு கொழுப்பு. கொழுப்பற்ற நிறை 33 கிலோ. இருவருக்கும் ஏறும் சிவப்பு மருந்து அதே 96 மில்லிகிராம். முதல் பெண்ணுக்குக் கொழுப்பற்ற நிறையின் ஒரு கிலோவுக்கு 2.3 மில்லிகிராம், இரண்டாமவருக்கு 2.9. நான்கில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம். தாளில் ஒரே அளவாக இருப்பது உடலுக்குள் இரண்டு அளவாகிவிடுகிறது.

மருந்து எங்கே பரவுகிறது என்பதுதான் இதன் உட்பொருள். நீரில் கரையும் மருந்துகள் பெரும்பாலும் கொழுப்பற்ற திசுக்களில் பரவும். தசை குறைந்தவரிடம் அந்தப் பரப்பு சுருங்கிவிடுவதால் இரத்தத்தில் மருந்தின் செறிவு கூடலாம். மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரலும் சிறுநீரகமும் கொழுப்பற்ற நிறையைச் சேர்ந்தவையே. எடை ஏறுவதற்கு ஈடாக இவற்றின் திறன் ஏறுவதில்லை.

இந்த எண்ணத்தை மார்பகப் புற்றுநோயில் சோதித்த ஆரம்ப ஆய்வுகளில் பலரும் எடுத்துக்காட்டுவது, கார்லா பிராடோவும் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகக் குழுவினரும் 2009-இல் வெளியிட்டது. நோய் பரவிய நிலையில் கேபசிட்டபின் மாத்திரை எடுத்துக்கொண்ட 55 பெண்களின் சி.டி. படங்களில் அவர்கள் தசையை அளந்தார்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தசை மிகக் குறைந்திருந்தது. மருந்தின் நச்சு விளைவு தசை குறைந்தவர்களில் 50 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 20 விழுக்காட்டினருக்கும் வந்தது. தசை குறைந்தவர்களிடம் நோயும் சீக்கிரமே மீண்டும் முன்னேறியது. சிறிய ஆய்வுதான். ஆனால் கீமோ வார்டில் பல ஆண்டு வேலை பார்த்தவர்களுக்குப் பழகிப்போன ஒரு புதிருக்கு அது பெயர் கொடுத்தது: ஒரே வயது, ஒரே எடை, ஒரே மருந்து, ஒருவர் மறுநாள் சமையலறையில் நிற்கிறார், இன்னொருவர் பத்தாம் நாள் காய்ச்சலோடும் வாய்ப்புண்ணோடும் அவசரப் பிரிவுக்கு வருகிறார்.

அந்தப் பெயர் சார்கோபீனியா. தசை வறட்சி என்று சொல்லலாம். கிரேக்கச் சொற்களிலிருந்து இதை 1980-களின் இறுதியில் உருவாக்கியவர் இர்வின் ரோஸன்பெர்க். முதுமையில் தசை வற்றுவதைக் குறிக்க வந்த சொல், பிறகு புற்றுநோய்க்கும் வந்தது. இதன் ஏமாற்று வடிவம், பருமனும் தசை வறட்சியும் ஒரே உடலில் சேர்ந்திருப்பது. வெளிப்பார்வைக்கு ‘நல்ல உடம்பு’. உள்ளே தசை இல்லை. மெலிந்தவரைக் கண்டால் எல்லோரும் எச்சரிக்கையாகிறார்கள். இவரை யாரும் கவனிப்பதில்லை.

இந்திய உடலுக்கு இதில் தனிக் கவனம் தேவை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டனின் யூட்கினும் 2004-இல் தங்கள் இருவரின் படத்தையே லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆசிய மக்களுக்குக் குறியீடு 23-லிருந்தே எச்சரிக்கை தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அதே ஆண்டு சொன்னதன் பின்னணியும் இதுவே. எனவே குறியீடு ‘நார்மல்’ என்று கேஸ் ஷீட்டில் இருப்பது, தசை போதுமான அளவு இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

ஏற்கெனவே எடுத்த படத்தில் இருக்கும் விடை

உடலின் உட்கூற்றை அளக்கப் பல கருவிகள் உண்டு. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டும். கையிலும் காலிலும் மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் பயோ-இம்பிடென்ஸ் மெஷின் விலை குறைந்தது. ஆனால் கால் வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால் அந்த மெஷின் நீரையும் தசையாக எண்ணிவிடும்.

புற்றுநோய்த் துறை அதிகம் சார்ந்திருப்பது சி.டி. படத்தைத்தான். கட்டி பெரிதாக இருக்கும் பெண்ணுக்கு, நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க எப்படியும் வயிற்றுப்பகுதிக்கு சி.டி. அல்லது பெட்-சி.டி. எடுக்கிறார்கள். அதில் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் ஒரே ஒரு குறுக்குவெட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். முதுகுத் தண்டை ஒட்டிய தசைகள், சோவாஸ், வயிற்றுச் சுவரின் தசைகள் எல்லாம் அங்கே ஒரே வெட்டில் வருகின்றன. அந்த ஒரு வெட்டின் தசைப் பரப்பு முழு உடலின் தசையோடு நெருங்கிப் பொருந்துகிறது என்று 2004-இல் காட்டப்பட்டது. சி.டி. படத்தில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் –29 முதல் +150 வரை உள்ள புள்ளிகளைத் தசை என்று மென்பொருள் நிறம் பூசுகிறது. பரப்பைக் கூட்டி உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தசைக் குறியீடு. 2008-இல் பிராடோ குழு பெண்களுக்குச் சொன்ன வரம்பு 38.5. 155 செ.மீ. பெண்ணுக்கு இது ஏறத்தாழ 92 சதுர செ.மீ. தசைப் பரப்பு. அந்த வரம்பு பருமனான கனடிய நோயாளிகளிடமிருந்து பெறப்பட்டது. பிற ஆய்வுகள் 40, 41 என்று வேறு எண்களை வைக்கின்றன. உடலமைப்பில் சிறிய இந்தியப் பெண்களுக்கு எந்த எண்ணையும் அப்படியே ஒட்டவைக்க முடியாது.

பரப்பு மட்டுமல்ல, தசையின் அடர்த்தியும் பேசுகிறது. தசைநார்களுக்கு இடையே கொழுப்பு ஊடுருவினால் படத்தில் தசை மங்கலாகிறது. பரப்பு போதுமானதாக இருந்தும் வலு இல்லாத தசை அது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை வைத்து 2017-இல் வெளிவந்த ஆய்வு, பரப்பையும் அடர்த்தியையும் பெருக்கிய ஒரே அளவை நச்சு விளைவோடு ஒப்பிட்டுப் பார்த்தது. இதற்கெல்லாம் கூடுதல் கதிர்வீச்சோ கூடுதல் செலவோ இல்லை. எடுத்த படமே போதும். ஆயினும் வழக்கமான ஸ்கேன் அறிக்கையில் கல்லீரல், நுரையீரல், நிணநீர்க் கணுக்கள் பற்றிப் பல வரிகள் வரும். தசை பற்றி ஒரு வரியும் வராது.

பருமனுக்குப் பயந்து குறைப்பது

தசை குறைந்தால் நச்சு கூடும் என்று கேட்டவுடன் எழும் அவசர முடிவு, பருமனான பெண்ணுக்கு மருந்தைக் குறைத்துவிடலாம் என்பது. நடைமுறையில் நெடுங்காலம் நடந்ததும் இதுதான். 155 செ.மீ. உயரமும் 90 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு உள்ள எடையை வைத்துக் கணக்கிட்டால் டாக்ஸோரூபிசின் 118 மில்லிகிராம் வரும். எழுதும் கை தயங்கும். அவர் உயரத்துக்கு ‘இருக்க வேண்டிய’ எடை 48 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டால் 86 மில்லிகிராம். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்த இந்தத் திருத்தம் மருந்தில் 27 விழுக்காட்டைத் திருடிவிடுகிறது.

குறைந்த அளவின் விலை என்ன என்பதை மிலான் நகரத்து அனுபவம் காட்டியது. ஜியான்னி பொனடோனா குழுவினர் அறுவைக்குப் பின் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த சி.எம்.எஃப். முறையின் முடிவுகளை 1976-இல் வெளியிட்டார்கள். பின்னர் அவர்கள் பதிவேடுகளைத் திருப்பிப் பார்த்தபோது, திட்டமிட்ட அளவில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல் பெற்றவர்களே தெளிவான பலன் அடைந்திருந்தார்கள். 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தப் போக்கு மாறவில்லை. பின்னோக்கிப் பார்த்த கணக்கு என்ற குறை அதற்கு உண்டு. ஆனாலும் 85 என்ற எண் அன்று முதல் புற்றுநோய் வார்டுகளின் மனத்தில் கோடாக விழுந்துவிட்டது. மேலே சொன்ன 86 மில்லிகிராம் 73 விழுக்காடுதான். கோட்டுக்கு வெகு கீழே.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2012-இல் வழிகாட்டுதல் வெளியிட்டபோது, பருமனான நோயாளிகளில் 40 விழுக்காட்டினர் வரை உண்மை எடைக்குரிய அளவைப் பெறுவதில்லை என்று சுட்டிக்காட்டியது. குணப்படுத்துவதே நோக்கமாக இருக்கும்போது உண்மையான எடையை வைத்தே முழு அளவு கொடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. முழு அளவு பெற்ற பருமனானவர்களுக்கு வெள்ளணுக்கள் மற்றவர்களைவிட அதிகமாக இறங்குவதாகச் சான்று இல்லை என்றும் அது சொன்னது. 2021-இல் புதுப்பித்தபோதும் நிலைப்பாடு அதுவே.

இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து ஏந்துவதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. பருமனைப் பார்த்து மருந்தைக் குறைக்கக் கூடாது. பருமனுக்குள் தசை வற்றியிருக்கிறதா என்று பார்க்காமலும் இருக்கக் கூடாது. தசைக் குறியீட்டை வைத்து மருந்தின் அளவை எழுதும் சூத்திரம் எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே தசை குறைந்தவரைக் கண்டால் மாற வேண்டியது முதல் அளவு அல்ல, கண்காணிப்பு. பத்திலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளணு எண்ணிக்கையான ‘கவுன்ட்’ இறங்கும் காலத்தில் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாமை, வெள்ளணு ஏற்றும் ஊசியை முன்கூட்டியே திட்டமிடுதல், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த இரவே வரவேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லி வைத்தல் ஆகியவை இதில் அடங்கும்.

கிரியாட்டினின் என்னும் பொய்ச்சாட்சி

தசை வறட்சி நேரடியாக மருந்துக் கணக்கில் புகும் ஓர் இடம் உண்டு. அது கார்போபிளாட்டின். இந்த மருந்தை உடற்பரப்பால் கணக்கிடுவதில்லை. 1989-இல் கால்வெர்ட் தந்த சூத்திரப்படி, சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் மில்லிலிட்டரோடு 25 கூட்டி, வேண்டிய இலக்கு எண்ணால் பெருக்க வேண்டும். வடிகட்டும் வேகத்தையோ வயது, எடை, இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் ஆகியவற்றிலிருந்து காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தால் ஊகிக்கிறார்கள்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தால் அது குறைவாகவே உற்பத்தியாகும். பரிசோதனைத் தாளில் 0.4 என்று வந்தால் ‘கிட்னி பிரமாதம்’ என்று வீட்டார் மகிழ்வார்கள். கணினியும் அதையே நம்பும். 60 வயது, 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 0.4 என்று போட்டால் வடிகட்டும் வேகம் 118 வருகிறது. இலக்கு 6 என்றால் கார்போபிளாட்டின் 858 மில்லிகிராம். அதே பெண்ணுக்கு 0.7 என்று போட்டால் வேகம் 67, மருந்து ஏறக்குறைய 555 மில்லிகிராம். 300 மில்லிகிராம் வித்தியாசம். வற்றிய தசை சிறுநீரகத்துக்குப் பொய்ச்சாட்சி சொன்னதால் வந்த வித்தியாசம் இது. பல மருத்துவமனைகள் கிரியாட்டினின் 0.7-க்குக் கீழே வந்தாலும் 0.7 என்றே வைத்துக் கணக்கிடுவதும், வடிகட்டும் வேகத்துக்கு 125 என்ற உச்ச வரம்பு வைப்பதும் இதனால்தான். மெலிந்த முதிய பெண்ணின் தாளில் மிகக் குறைந்த கிரியாட்டினினைக் கண்டால் அனுபவமுள்ள மருந்தாளுநர் மருந்தைக் கலக்குமுன் மருத்துவருக்குப் போன் செய்வார்.

கட்டி கரைவதும் உடலின் கூறும்

நச்சு விளைவைவிடச் சிக்கலானது, கட்டி மருந்துக்குக் கரைவது. அறுவைக்கு முன் கீமோ கொடுக்கும்போது இதை நேரடியாகப் பார்க்கலாம். ஒவ்வொரு சைக்கிளிலும் மருத்துவர் கட்டியை விரலால் தடவி, அளவெடுத்து எழுதுகிறார். அறுவைக்குப் பின் எடுத்த திசுவில் மார்பகத்திலும் அக்குள் கணுக்களிலும் ஊடுருவிய புற்று ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அது முழுமையான நோய்க்குறியியல் பதில். அந்த நிலையை எட்டியவர்களுக்குப் பின்னாளைய வாய்ப்புகள் நல்லவை.

ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 1,169 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டதில், எடை கூடியவர்களும் பருமனானவர்களும் சேர்ந்த குழுவில் முழுமையான பதில் குறைவாக இருந்தது. இதற்குப் பல வழிகள் இருக்கலாம். மாதவிடாய் நின்றபின் பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜன் முக்கியமாகக் கொழுப்புத் திசுவிலேயே, அரோமட்டேஸ் என்ற நொதியால், உருவாகிறது. நிரம்பி வீங்கிய கொழுப்பணுக்கள் மடியும்போது வெள்ளணுக்கள் அவற்றைச் சூழ்ந்து நிற்கும். அங்கே நீறுபூத்த நெருப்பாக ஒரு நாள்பட்ட அழற்சி இருந்துகொண்டே இருக்கும். இன்சுலினும் லெப்டினும் கூடும்; அவை புற்றணு வளரத் துணைபோகும். இவற்றோடு, குறைத்துக் கொடுத்த மருந்தும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மார்பகமே பெரும்பாலும் கொழுப்புத் திசு. கட்டி வளர்வது அந்தச் சுற்றத்தில்தான்.

உயிர்வாழ்வு பற்றிய பெரிய கணக்கு 2018-இல் வந்தது. பெட் கான் குழுவினர், வடக்குக் கலிபோர்னியாவின் கைசர் பெர்மனென்டேயிலும் பாஸ்டனின் டேனா-ஃபார்பரிலும் சிகிச்சை பெற்ற, பரவாத நிலையில் இருந்த 3,241 பெண்களின் சி.டி. படங்களை அளந்தார்கள். மூவரில் ஒருவருக்குத் தசை வறட்சி இருந்தது; அவர்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 41 விழுக்காடு கூடுதல். கொழுப்பு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு 35 விழுக்காடு கூடுதல். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 89 விழுக்காடு. உடல் நிறைக் குறியீடு மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த அபாயம் பிடிபடவில்லை. ஆய்வின் கனமான செய்தி அதுதான்: எடை ஒன்றும் சொல்லாத இடத்தில், எடையின் கூறு சொன்னது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. ஒரு கட்டி கரையுமா என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் உயிரியல். ஹெர்-2 ஏற்பி உள்ள கட்டியும், மூன்று ஏற்பிகளும் இல்லாத கட்டியும் கீமோவுக்கு அதிகம் கரையும். ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டி பெரும்பாலும் அந்த அளவுக்குக் கரையாது. தசைக்கும் முழுமையான பதிலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த சிறு ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. தசை வற்றியது விளைவின் காரணமா, அல்லது முதுமை, மூர்க்கமான நோய் இவற்றின் அடையாளமா என்று பிரிப்பதும் எளிதல்ல.

‘உடம்பு தேறிடுச்சு’

கீமோ என்றால் உடல் இளைக்கும் என்றே மக்கள் எதிர்பார்க்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் பல பெண்களுக்கு நேர்மாறாக எடை கூடுகிறது. நான்கு, ஐந்து சைக்கிள் முடிந்து முகம் உருண்டு வரும் பெண்ணைப் பார்த்து, “நல்லா உடம்பு தேறிடுச்சு, மருந்து ஒத்துக்கிச்சு” என்று உறவினர்கள் சொல்வார்கள். டெமார்க்-வானஃப்ரீட் 2001-இல் வெளியிட்ட ஆய்வு உட்பட, உடற்கூற்றை அளந்தவர்கள் கண்டது வேறு. கூடிய எடை கொழுப்பு. தசை கூடவில்லை, சிலருக்குக் குறைந்தும் இருந்தது.

காரணங்கள் வார்டுக்குள்ளேயே இருக்கின்றன. பாக்லிடாக்செல், டோசிடாக்செல் மருந்துகளுக்கு முன் ஒவ்வாமையும் நீர்க்கோப்பும் வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தரப்படுகிறது. அது பசியைத் தூண்டும், சர்க்கரையை ஏற்றும், தொடைத் தசையை அரிக்கும். கீமோவால் சூலகம் ஓய்ந்து, நாற்பது வயதிலேயே சில மாதங்களில் மாதவிடாய் நின்றுவிடும். சோர்வால் படுக்கை நேரம் நீளும். குமட்டலுக்குக் கஞ்சியும் ரஸ்க்கும் பிஸ்கட்டுமே இதமாக இருக்கும், மூன்றும் மாவுச்சத்து. டோசிடாக்செல் பல சைக்கிள் ஏறியபின் கணுக்காலில் நீர் கோத்துக்கொள்வதும் எடையைக் கூட்டும். எடை 5 முதல் 10 விழுக்காடு மாறினால் மருந்தின் அளவைத் திரும்பக் கணக்கிடுவது வழக்கம். ஆனால் கூடியது நீரா, கொழுப்பா என்று கால் கணுவை அழுத்திப் பார்க்காமல் அந்தக் கணக்கைப் போடக் கூடாது.

மெஷின் இல்லாமல் பார்க்கக்கூடியவை

தசையை மதிப்பிட வார்டில் எளிய வழிகள் உண்டு. 2019-இல் ஆசிய சார்கோபீனியா குழு ஆசிய மக்களுக்கு வைத்த வரம்புகள் இங்கே பயன்படும். பெண்ணின் கெண்டைக்கால் சுற்றளவு 33 செ.மீ.-க்குக் கீழே இருப்பது, கைப்பிடி வலு 18 கிலோவுக்குக் கீழே இருப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆவது ஆகிய மூன்றும் எச்சரிக்கைகள். முதலாவதற்கு அளவு நாடா போதும். மூன்றாவதற்குக் கைக்கடிகாரம் போதும்.

கண்ணுக்கும் வேலை உண்டு. நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறதா, கழுத்துப் பட்டை எலும்பு துருத்துகிறதா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள சதை வற்றியிருக்கிறதா என்று பார்க்கலாம். பேச்சிலும் குறிப்புகள் வரும். “இந்தியன் டாய்லெட்ல உக்காந்தா எந்திரிக்க முடியல”, “பஸ் படி ஏற ஆள் பிடிக்கணும்”, “வளையல் தானா கழலுது” என்று வரும் வாக்கியங்கள் தொடை, கைத் தசைகளின் கதை. மூன்றையும் கேட்ட நர்ஸ், எடை 2 கிலோ கூடியிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுவார்.

சோறும் சுமையும்

தசையைக் காக்க இரண்டே கருவிகள்: புரதமும் எதிர்ப்பைத் தரும் உடற்பயிற்சியும். புற்றுநோயாளிகளுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் என்கிறது ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென். 55 கிலோ பெண்ணுக்கு 1.2 என்று வைத்தால் 66 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே, 30 கிராம் பருப்பில் 7, 100 கிராம் மீனில் 20 என்று கூட்டினால்தான் அந்த எண் வரும். இரண்டு இட்லியும் ரசஞ்சோறும் கஞ்சியுமாகப் போகும் நாளில் அதில் பாதிகூட வராது.

இங்கே பத்தியம் குறுக்கே நிற்கிறது. கவுச்சி சேர்த்தால் புண் சீழ் பிடிக்கும், முட்டை சூடு, மீன் ஆகாது என்று சிகிச்சை தொடங்கிய நாளிலேயே வீட்டில் தட்டு சுருங்கிவிடும். சர்க்கரை கட்டியை வளர்க்கும் என்ற பயத்தில் சோற்றையும் குறைப்பவர்கள் உண்டு. பட்டினியில் உடல் எடுத்துச் சாப்பிடுவது தசையையும் சேர்த்துத்தான். பத்தியத்தை முழுதாக மறுத்து வாதாடுவதைவிட, அதற்குள் இடம் தேடுவது பலன் தருகிறது. முட்டை வேண்டாம் என்பவருக்குப் பாசிப்பயறு சுண்டல், தயிர், பால், வறுத்த கடலை, பருப்பு கூட்டிய அடை. வாய்ப்புண் இருக்கும் நாட்களில் பாலில் கரைத்த பொட்டுக்கடலை மாவு. வெள்ளணு குறைந்த நாட்களில் எதுவாயினும் நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும்.

உடற்பயிற்சிக்கு எதிரான தடையும் பழையது. அக்குள் கணுக்களை எடுத்த பக்கத்துக் கையால் குடம் தூக்கக் கூடாது, கை வீங்கிவிடும் என்று பெண்கள் ஆயுளுக்கும் பயப்படுவார்கள். 2009-இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு, ஏற்கெனவே கைவீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து நடத்திய சோதனையில், மேற்பார்வையோடு படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அது திடீரென்று மோசமாவதும் குறைந்தது. ‘மெதுவாகத் தொடங்கு, படிப்படியாகக் கூட்டு’ என்பதே அங்கிருந்து வந்த பாடம்.

கீமோ ஓடும்போதே உடற்பயிற்சி செய்யலாமா என்பதைக் கனடாவில் கெரி கூர்னியா குழு 242 பெண்களிடம் சோதித்து 2007-இல் வெளியிட்டது. எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பற்ற நிறை கூடியது. திட்டமிட்ட கீமோவில் சராசரியாக 89.8 விழுக்காட்டை அவர்கள் முடித்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 84.1 விழுக்காடு. 2023-இல் யேல் பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வு 173 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உணவு ஆலோசனையும் உடற்பயிற்சியும் கொடுத்தது. மொத்தத்தில் கீமோ முடித்த அளவில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அறுவைக்கு முன் கீமோ பெற்ற 72 பேரில் முழுமையான பதில், பயிற்சிப் பிரிவில் 53 விழுக்காட்டினருக்கும் மற்றதில் 28 விழுக்காட்டினருக்கும் கிடைத்தது. எண்ணிக்கை சிறியது, பெரிய சோதனைகள் அதை உறுதிசெய்ய வேண்டும். உடலின் கூறு, மாற்ற முடியாத விதியல்ல என்பதற்கு அது நல்ல சாட்சி.

வார்டில் இதற்கு ஜிம் தேவையில்லை. நாற்காலியில் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரு கையாலும் தூக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது என்று வாரம் இரண்டு, மூன்று நாள் போதும். கவுன்ட் மிக இறங்கிய நாட்கள், காய்ச்சல், எலும்பில் பரவிய நோய், மிகுந்த இரத்தசோகை ஆகியவற்றில் மட்டும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

கேஸ் ஷீட்டில் சேர வேண்டிய வரிகள் ஆக மொத்தம் சிலவே: அளந்த உயரம், ஒரே முறையில் பார்த்த எடை, முதல் சைக்கிளிலிருந்து எடை மாறிய விழுக்காடு, கெண்டைக்கால் சுற்றளவு, நாற்காலிச் சோதனையின் நொடி, சி.டி. இருந்தால் தசைக் குறியீடு, நாளொன்றுக்கு உண்ணும் புரதம். மருந்தின் அளவு உடற்பரப்பிலிருந்தே வரும், முழுமையாகவே வரும். அந்த அளவை எந்த உடல் ஏந்தப்போகிறது என்பதை இந்த வரிகள் சொல்லும்.